ஐந்தாம் பொத்தான்

ஜூன் 10, திங்கள்

பதினைந்தாம் தேதியிலிருந்து எல்லோருக்கும் தொடுதிரை போன்தான் என்று உத்தரவு வந்துவிட்டது. காற்றாலையில் ஏறுகிறவன் ஒவ்வொரு வேலைக்கும் கம்பெனி ஆப்பைத் திறந்து டிக் அடிக்க வேண்டும். ஏறியாச்சா, டிக். பெல்ட் மாட்டியாச்சா, டிக். கடைசியில் மேலே இருப்பவன் ஒரு டிக், கீழே கன்ட்ரோல் பேனலில் நிற்பவன் ஒரு டிக். இரண்டும் சேர்ந்தால்தான் பிரேக்கை விட வேண்டுமாம். இதைக் கண்டுபிடித்த மகராசன் ஐம்பது மீட்டர் ஏணியில் ஒருநாளாவது ஏறியிருப்பானா?

உத்தரவை வாசித்தது புது இன்ஜினியர் பிரிஸ்கில்லா. நாசரேத்துப் பொண்ணு. வயது இருபத்தாறு, இங்கே வந்து மூன்று மாதம். அவள் பிறந்த வருஷம் நான் முப்பந்தலில் முதல் கோபுரம் ஏறினேன். அவள் வாசிக்கிறாள், நான் கைகட்டிக் கேட்கிறேன்.

என் போனை எடுத்து மேஜைமேல் வைத்தேன். துபாயிலிருந்து மச்சினன் கொண்டுவந்தது. சுற்றிலும் ரப்பர், மேலே சின்னத் திரை, கீழே பொத்தான்கள். இரண்டுமுறை உச்சியிலிருந்து விழுந்திருக்கிறது. ஒருமுறை கிரீஸ் டப்பாவுக்குள் ஒரு ராத்திரி முழுக்கக் கிடந்தது. இன்றுவரை ஒரு கீறலுக்கு மேல் இல்லை. இதில் முடியாத எதை உங்கள் போன் செய்யும் என்று கேட்டேன். ஆப் இதில் ஏறாது அண்ணாச்சி என்றாள். ஏறாதது போனின் குற்றமா, ஆப்பின் குற்றமா என்றேன். சிரித்துவிட்டாள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

ஜூன் 12, புதன்

பழகிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்த பொதுப் போனோடு ஏறினேன். கையுறையோடு தொட்டால் அசையவில்லை. கையுறையைக் கழற்றினால் விரலில் கிரீஸ், அதற்கும் அசையவில்லை. சட்டையில் துடைத்துவிட்டுத் தொட்டேன், அதற்குள் மேற்கே இருந்து சாரல். ஒரு துளி விழுந்ததும் அதுவே நாலு டிக் அடித்துக்கொண்டது. மழை பழுது பார்த்துவிட்டது போலிருக்கிறது, நான் இறங்கிவிடலாம்.

ஜூன் 14, வெள்ளி

நாளை ஒருவேளை இதை யாராவது படித்தால் புரியட்டும் என்று எங்கள் முறையை எழுதிவைக்கிறேன்.

மேலே இரண்டு பேர், கீழே பேனலில் ஒருவர். சீசன் காற்றில் மேலேயிருந்து கத்தினாலும் கேட்காது, வாக்கிடாக்கியில் பேசினாலும் இரைச்சல்தான் போகும். அதனால் எண். ஒன்று என்றால் ஏறிவிட்டோம். இரண்டு என்றால் பிரேக்கைப் போடு. ஐந்து என்றால் எல்லார் கையும் வெளியே வந்துவிட்டது, பிரேக்கை விடு. நெட் நிற்காத இடத்திலும் சாதாரண மெசேஜ் போய்விடும். கீழே இருப்பவர் நம்பரைத் திறந்து வைத்தபடி போனைத் தொடைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வேன். ஐந்தின் மேல் சின்னதாக ஒரு மேடு உண்டு. பாக்கெட்டுக்கு வெளியிலிருந்து, துணிக்கு மேலாகவே, கையுறைக் கட்டைவிரல் அதைக் கண்டுபிடித்துவிடும். அடுத்த பொத்தான் அனுப்புவது. பார்க்கவே வேண்டாம். இருபது வருஷத்தில் மூன்று போன் மாற்றியிருக்கிறேன், மூன்றும் பொத்தான் போன்தான்.

சுழலியை அசையாமல் நிறுத்த ஒரு பூட்டுக் கம்பியும் உண்டு. அதைச் செருகத் துளை நேராக வர வேண்டும், அரைமணி நேரம் பிடிக்கும். காற்று வீசுகிற மாதத்தில் ஒரு மணி நேரம் ஆலை நின்றால் மேனேஜர் மூன்றுமுறை போன் செய்வார். ஆகவே யாரும் கம்பி போடுவதில்லை. பிரேக்தான்.

ஜூன் 18, செவ்வாய்

பிரிஸ்கில்லாவிடம் இன்று சண்டை போட்டே விட்டேன். இரண்டு நாளாக ஆப் டிக் வராமல் அரைமணி அரைமணியாக மேலே உட்கார்ந்திருக்கிறோம். எல்லார் முன்னாலும் கேட்டேன், உனக்குக் கோபுரம் தெரியுமா, கம்ப்யூட்டர் மட்டும்தான் தெரியுமா என்று. முகம் சிவந்துவிட்டது. பிறகு தனியாக வந்தாள்.

"சரி அண்ணாச்சி. நான் கீழ நிக்கிற அன்னைக்கு உங்க மெசேஜ் போதும். டிக்க அப்புறமா நான் போட்டுக்கிடுதேன். உங்கள நம்பாம யார நம்பப் போறேன்."

ஜெயித்துவிட்டேன். சாப்பாடு நன்றாக இறங்கியது.

ஜூன் 19, புதன்

பதினேழாம் நம்பர் ஆலை. சுழலும் தண்டுகளை இணைக்கிற கப்ளிங்கில் போல்ட் இறுக்கும் வேலை. மேலே நானும் என்னோடு ஏறுகிற சொரிமுத்துவும். கீழே பிரிஸ்கில்லா. பதினொன்றே முக்காலுக்கு அவள் பிரேக்கை விட்டாள். சொரிமுத்துவின் கை உள்ளே இருந்தது.

வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஜீப்பில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 20, வியாழன்

மேனேஜர் எழுதி வாங்கினார். கீழே இருந்தவர் தானாகவே பிரேக்கை விட்டுவிட்டார், நான் எதுவும் அனுப்பவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். போனைக் கேட்டார். அவசரமாக இறங்கும்போது எங்கோ விழுந்துவிட்டது என்றேன்.

அந்தப் பொண்ணு ஐந்து வந்தது, வந்தது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறதாம். திறப்பு வழியாக நான் கையை ஆட்டியதைப் பார்த்து ஏணியில் ஓடி ஏறியபோது அவளுடைய கம்பெனி போன் கையிலிருந்து நழுவி, பத்தடி கீழே கான்கிரீட்டில் விழுந்து செத்துப்போய்விட்டது. பத்தே அடி. எவ்வளவு அழகான போன். கடையில் கொடுத்துப் பார்த்தார்கள், உள்ளே இருந்த எதுவும் வரவில்லை. போன் கம்பெனியில் விவரம் கேட்க வேண்டுமானால் போலீஸ் கேஸ் வேண்டும். இவர்களுக்குக் கேஸ் வேண்டாம்.

ஆகவே அவள் பேச்சு, என் பேச்சு. இருபத்தாறு வருஷம், மூன்று மாதம்.

ஜூன் 22, சனி

காலை ஐந்தேகாலுக்கு அரிசி டிரம்முக்குள்ளிருந்து அலாரம் அடித்தது. அணைத்துவைக்க மறந்துவிட்டேன். என் வீட்டுக்காரி ஆவுடை அரிசிக்குள் கைவிட்டுப் போனை எடுத்து, என் முன்னால் வைத்தாள்.

"தொலஞ்சு போச்சுன்னு சொன்னிய."

கிடைத்துவிட்டது என்றேன். எங்கே என்று அவள் கேட்கவில்லை. அரிசியைக் களைந்து உலை வைத்தாள். இருபத்தெட்டு வருஷமாக இவள் கேள்வி கேட்காமலிருப்பதுதான் எனக்குப் பிடித்த குணம் என்று நினைத்திருந்தேன். இன்று எரிச்சலாக இருந்தது.

ஜூன் 25, செவ்வாய்

எனக்கென்றே ஒரு புது போன் கொடுத்துவிட்டார்கள். புது நம்பர். மேனேஜருக்கு ஒரு மெசேஜ் அனுப்ப ஆறு நிமிஷம். ஒரு எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்து வருகிறது. கண்ணாடியைத் தடவித் தடவி விரல் நுனி வழுவழுவென்று ஆகிவிட்டது. பொத்தானில் அமுக்கினால் விரலுக்குத் தெரியும், அமுங்கிவிட்டது என்று. இதில் ஒவ்வொரு தடவையும் குனிந்து கண்ணால் பார்த்துத்தான் நிச்சயப்படுத்த வேண்டியிருக்கிறது. பார்க்காமல் எதையும் அனுப்ப முடியாது.

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். கோடு போட்டு அடித்துவிடலாமா என்று யோசித்தேன். கிடக்கட்டும்.

பிரிஸ்கில்லா சஸ்பெண்ட். தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வந்து ஜூலை எட்டாம் தேதி முடிவு சொல்வார்களாம். வேலையை விட்டு எடுத்து, பாதுகாப்பு விதி மீறியவர் என்று சான்றிதழிலேயே எழுதிவிடுவார்கள் என்று பேச்சு. அப்படி எழுதினால் இந்தப் பக்கம் எந்தக் காற்றாலைக் கம்பெனியும் சேர்க்காது. சின்ன வயசுதானே, வேறு எதையாவது படித்துக்கொள்ளட்டும். எனக்கு ஐம்பத்தோரு வயது. என்னை எடுத்துவிட்டால் நான் எதைப் படிப்பது?

ஜூன் 28, வெள்ளி

பாறைக்குழிப் பக்கம் போய் போனை ஓங்கிக் கல்லில் அடித்தேன். ரப்பர் மூலை கொஞ்சம் பிய்ந்தது. மறுபடி அடித்தேன். ஸ்பேனரால் திரையில் போட்டேன், ஒரு விரிசல். பொத்தானை அமுக்கினேன், வெளிச்சம் வந்தது. மெசேஜ் பக்கம் அப்படியே திறந்தது. ஜூன் 19. 11.44. ஐந்து.

கண்டவன் செய்கிற பொருளெல்லாம் ஒரு வருஷத்தில் செத்துப்போகிறது, இது மட்டும் சாகமாட்டேன் என்கிறது.

அழிப்பதற்கு ஒரு பொத்தான் போதும் என்று எனக்கும் தெரியும். அழித்ததையும் சென்னையில் எடுத்துவிடுவார்களாம், அதனால் அழிக்கவில்லை. குளத்தில் எறிந்துவிடலாம், ஆனால் குளத்தில் முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. கிணற்றில் போடலாம், அது ஊர் குடிக்கிற கிணறு. திரும்பவும் டிரம்முக்குள் வைத்தேன். சார்ஜ் போட்டுவிட்டுத்தான் வைத்தேன். ஏன் போட்டேன் என்று தெரியவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

சைட்டில் எல்லாரும் என் பக்கம். டீக்கடையில் எனக்கு இடம் கொடுத்து நகர்ந்து உட்காருகிறார்கள். ஆம்பிளை வேலைக்குப் பொம்பளைப் பிள்ளையை அனுப்பினால் இப்படித்தான் என்று ஒருவன் சொன்னான். வாயை மூடிக்கொண்டு டீயைக் குடி என்றேன். எதற்கு அண்ணாச்சிக்குக் கோபம் வருகிறது என்று அவனுக்குப் புரியவில்லை. எனக்கும் இந்த ஊர்மேலேயே வெறுப்பாக வருகிறது.

ஜூலை 2, செவ்வாய்

பதினேழாம் நம்பரில் மறுபடி ஏற்றினார்கள். பூட்டுக் கம்பி போடாமல் வேலை தொடங்க மாட்டேன் என்றேன். நாற்பது நிமிஷம் ஆனது. மேனேஜர் போன் செய்தார், கண்ணாடியைத் தடவி எடுப்பதற்குள் கட்டாகிவிட்டது. இரண்டாவது தடவை எடுத்து, கம்பி போடச் சொல்லி விதியில் எழுதியிருப்பது நீங்கள்தானே என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

ஜூலை 5, வெள்ளி

பிரிஸ்கில்லா வீட்டுக்கு வந்தாள். பஸ்ஸில் வந்திருக்கிறாள். ஆவுடை உட்காரச் சொன்னாள், அவள் உட்காரவில்லை. சண்டை போட வந்தால் நாலு வார்த்தை பதிலுக்கு வைத்திருந்தேன். சண்டை போடவில்லை. அன்றைக்கு நீங்கள் வேறு எண் எதுவும் அனுப்பினீர்களா, மூன்றோ நாலோ, நான் மாற்றிப் படித்துவிட்டேனா என்று கேட்டாள். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது.

எதுவும் அனுப்பவில்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். ஆவுடை அன்றைக்கு எனக்குச் சோறு போடவில்லை. தட்டை வைத்தாள், தண்ணீர் வைத்தாள், சோற்றுப் பானையை என் பக்கம் தள்ளிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஜூலை 7, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். இதுவரை இரண்டுமுறை போயிருக்கிறேன், இரண்டுமுறையும் அவன் மயக்க மருந்தில் இருந்தான். அதனால்தான் போனேன் என்றும் சொல்லலாம்.

இன்று சொரிமுத்து முழித்திருந்தான். அவன் மனைவி மாரிசெல்வி எனக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டுவிட்டு, காப்பி வாங்கிவரப் போனாள். வலது கையில் பந்து போலக் கட்டு. இடது கையில் விரல் வரைக்கும் மாவுக்கட்டு. படுக்கையில் அவனுடைய தொடுதிரை போன் கிடந்தது. கட்டுக்கு மேலே அது ஒன்றுக்கும் அசைய மாட்டேன் என்கிறதாம். மூக்கால் தொட்டுப் பார்த்தானாம். யாருக்கும் ஒரு வார்த்தை தானாக அனுப்ப முடியவில்லை, ஒவ்வொன்றுக்கும் மாரிசெல்வியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது, அவளுக்கும் தூக்கமில்லை என்றான். இந்தப் போனைக் கண்டுபிடித்தவனைத் திட்டுவதற்கு நல்ல இடம் கிடைத்தது, நானும் கொஞ்ச நேரம் திட்டினேன்.

பிறகு கேட்டான்.

"உங்க போனத் தாங்க அண்ணாச்சி. பட்டன்னா கட்டு மேலயே அமுக்கிக்கிடலாம்."

அதுதான் தொலைந்துவிட்டதே என்றேன்.

அவன் கூரையைப் பார்த்தபடியே பேசினான். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"ஜீப்புல உங்க மடியிலதான தல வச்சிக் கெடந்தேன். நாவரோயில் வார வரைக்கும் அந்த போன் கன்னத்துல குத்திக்கிட்டே வந்துச்சு."

ஸ்டூலைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினேன்.

"நீங்க அமுக்குனதயும் பாத்தேன். நான் ஸ்பேனர பையில போட்டுட்டு துணி எடுத்தேன். துடைச்சிட்டு வந்திரலாம்னு கைய உள்ள விட்டேன். நீங்க வெளிய பாத்துக்கிட்டு பாக்கெட்டுல கை வச்சிய. கத்துறதுக்குள்ள சுத்திட்டு."

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்களே சொல்லிருவியன்னு பாத்தேன்."

மாரிசெல்வி காப்பியோடு வந்தாள். குடித்தேன். சர்க்கரை இருந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

இங்கே எழுதிவிடுகிறேன், வேறு எங்கும் எழுதியதில்லை. ஸ்பேனர் பையில் விழுந்த சத்தம் கேட்டது. ஸ்பேனர் பையில் விழுந்தால் வேலை முடிந்தது என்று இருபத்தாறு வருஷமாக என் கட்டைவிரலுக்குத் தெரியும். நான் திறப்பு வழியாகக் கீழே அந்தப் பொண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் டிக் போட அரைமணி நேரம் எடுத்துக்கொள்வாள், நான் ஒரு நொடியில் அனுப்புகிறேன் பார் என்ற நினைப்பு. முந்தின நாள் அவளிடம் ஜெயித்த திமிர் இன்னும் இறங்கவில்லை. சொரிமுத்துவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே அனுப்பலாம் என்பதுதானே என் பெருமை. அமுக்கிய உடனே தெரிந்துவிட்டது. பிரேக் விடுபடுகிற சத்தம் கேட்பதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. ஐந்துக்கு எதிராக அனுப்ப எங்களிடம் ஒரு எண் கிடையாது. அப்படி ஒன்று வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

ஜூலை 8, திங்கள்

காலையில் டிரம்மிலிருந்து போனை எடுத்தேன். ஆவுடை அரிசித் தூசியைத் தன் முந்தானையால் துடைத்து, சார்ஜரையும் எடுத்துக் கொடுத்தாள். இன்றும் எதுவும் கேட்கவில்லை.

அலுவலகத்தில் தலைமை அலுவலகத்து ஆள் ஒருவர், மேனேஜர், பிரிஸ்கில்லா. உத்தரவு டைப் அடித்துத் தயாராக இருந்தது. மேஜைமேல் போனை வைத்தேன். மேனேஜர் அதைப் பார்த்ததும் அண்ணாச்சி, வெளியே போய்ப் பேசலாம் என்று எழுந்தார். ஒரு ஆளோடு முடிகிற விஷயத்தை நான் இரண்டு ஆளுக்கு இழுக்கிறேன் என்பது அவர் கவலை. உட்காருங்கள் என்றேன். இருபத்தாறு வருஷத்தில் ஒரு மேனேஜரை உட்காரச் சொன்னது இதுதான் முதல்தடவை.

மெசேஜைத் திறந்து காட்டினேன். ஐந்தை அனுப்பியது நான், பார்க்காமல் அனுப்பினேன், அனுப்பவில்லை என்று பொய் எழுதிக் கொடுத்ததும் நான் என்றேன். பூட்டுக் கம்பி போட நேரம் தராததையும் சொன்னேன், அதை மட்டும் அவர்கள் எழுதிக்கொள்ளவில்லை. எழுதும்வரை கையெழுத்துப் போட மாட்டேன் என்றதும் எழுதினார்கள். என்னை எடுத்துவிடுவார்கள். விசாரணை முடிந்ததும் போனை சார்ஜரோடு சொரிமுத்துவிடம் சேர்க்க வேண்டும் என்று ஒரு வரி என் கையாலேயே கீழே சேர்த்தேன்.

வெளியே வந்தேன். பிரிஸ்கில்லா பஸ் நிறுத்தத்தில் நின்றாள். பக்கத்தில் போனேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று போனேனே தவிர என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவளே பேசினாள்.

"மெசேஜ் வந்துச்சா வரலியான்னு எனக்கே தெரியாமப் போச்சு அண்ணாச்சி. பத்தொம்பது நாளா. எனக்கு மண்டைக்கு சரியில்லன்னு நெனச்சேன். அம்மா என்னைய டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனா."

என்னைத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அதற்குத் தயாராகத்தான் நின்றேன். பஸ் வந்தது, ஏறினாள், ஜன்னல் பக்கம் இடம் இருந்தும் உள்பக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். பஸ் திரும்பும்வரை நின்றேன். அவள் பார்க்கவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன்.